கண்மாய்க்குச் சாயத் தண்ணீரா?

கேள்வி: எங்கள் தெருவுக்குப் பின்னால் வரப்போகும் சாயப்பட்டறை, கழிவுநீரைக் கண்மாய்க்குப் போகிற வாய்க்காலில் விட அனுமதி கேட்டிருக்கிறதாம். நாங்கள் சொன்னால் எடுபடுமா? – ஒரு வாசகி, மதுரை

பதில்: எடுபடும், ஆனால் "நாறும், கொசு வரும்" என்று மட்டும் எழுதினால் ஃபைலோடு ஃபைலாகக் கிடக்கும். கருத்துக் கேட்புக் கூட்டமெல்லாம் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் வரும் பெரிய திட்டங்களுக்குத்தான், சின்னப் பட்டறைக்குப் பெரும்பாலும் நடக்காது, காத்திருக்காதீர்கள். 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை (எழுத்துப்பூர்வ அனுமதி) இல்லாமல் கழிவுநீரை விட முடியாது என்பதால், அதன் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு இப்போதே எழுதுங்கள். வாய்க்கால் எந்த இடத்தில் கண்மாயில் சேருகிறது, யார் வீட்டு போர்வெல் எத்தனை அடி தள்ளி, மாடு எங்கே தண்ணீர் குடிக்கிறது, இப்படி எழுதினால்தான் பதில் சொல்லியாக வேண்டும். நீர்நிலையில் விடும் கழிவுநீரில் பி.ஓ.டி. (அதிலுள்ள கழிவை மக்க வைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி. சாயத்தில் வில்லங்கமே உப்புதான், நிறம் போனாலும் அது போகாது, உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வைப்பார்களா என்று கேளுங்கள். அப்புறம், இசைவாணை கொடுத்துவிட்டாலும் அதன் நிபந்தனைப் பதிவேட்டைப் பாதிக்கப்படுபவர்கள் பார்க்கலாம், அதே 25ஆம் பிரிவு சொல்கிறது. மனுவை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.