12 துணைவர்களும் ஓர் ஆயாவும்

கேள்வி: மாயாஜால சாகச நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கதாநாயகி ஹரிணிக்கு 13 வயது. வேலூர்க் கோட்டை அகழியில் ஒரு வழி திறக்கிறது. அதற்குள் இறங்கி, பாலாற்று மணலுக்கு அடியில் இருக்கும் ராஜ்ஜியத்துக்குப் போகிறாள். அப்பா, அம்மா முதல் அத்தியாயத்திலேயே விபத்தில் இறந்துவிடுகிறார்கள். வளர்ப்பது ஆயா. பறக்கும் நாய் உட்பட ஹரிணிக்கு 12 துணைவர்கள். ஒவ்வொருவருக்கும் என்ன சக்தி, என்ன ஆயுதம், என்ன நிறம் என்று 2 நோட்டு நிறைய எழுதிவிட்டேன். ஆனாலும் மூன்றாவது அத்தியாயத்தைத் தாண்ட முடியவில்லை. 12 பேர் அதிகமா? எழுதுவதற்கு முன் பாத்திரங்களைப் பற்றி எதையெல்லாம் முடிவு செய்துகொள்ள வேண்டும்?
– வாசகி, குடியாத்தம்

பதில்: உங்கள் நோட்டைப் படித்தால் யாரிடம் என்ன இருக்கிறது என்று தெரியும். யாருக்கு என்ன வேண்டும், ஹரிணி தன் காலில் நிற்கத் தொடங்கினால் யாருக்கு எது கைவிட்டுப் போகும் என்பது தெரியாது. கதை நின்றுபோனது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

துணைவர்களைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். இப்படிப்பட்ட கதைக்கு முதலில் திட்டமிட வேண்டியது பெரியவர்களைத்தான். இன்றைக்கு ஹரிணிக்காக முடிவெடுப்பது யார்? அந்தக் கை எப்போது, எதனால் விலகுகிறது? பலரும் செய்வதைப் போல நீங்களும் பெற்றோரை விபத்தில் சாகடித்துவிட்டீர்கள். அதனால் ஹரிணி அநாதையாகிறாளே தவிர வளரவில்லை.

உங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் அபிமன்யு சண்டை கூத்து வைக்கும்போது ஒரு ராத்திரி போய் உட்காருங்கள். சக்கர வியூகத்துக்குள் நுழையத் தெரிந்த பையன் அவன். வெளியே வரத் தெரியாது. நீ உடைத்துக்கொண்டு போ, பின்னாலேயே நாங்கள் வருகிறோம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். மனசாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் வாசலிலேயே கௌரவர் பக்கத்துச் சைந்தவன் அவர்களை மறித்துவிடுகிறான். பெரியவர்கள் சாகவில்லை, துரோகமும் செய்யவில்லை. வர முடியவில்லை, அவ்வளவுதான். உள்ளே நிற்கும் பிள்ளைக்கு இனி எல்லாமே அவன் முடிவு. உங்கள் கதைக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும்.

அந்த இடத்தை ஆயாவை வைத்தே கட்டலாம். அவருக்கு இப்போது 62 வயது என்று வைத்துக்கொள்வோம். கோட்டைக்குள் இருக்கும் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் லிங்கம் திரும்பி வந்தது 1981-ல். அதற்கு முன் வெகுகாலம் மூலவர் இல்லாமல் கிடந்த கோயில் அது. அப்படியானால் உங்கள் ஆயா 10 வயதில் பார்த்தது வெறும் கருவறையை. யாளித் தூண்கள் நிற்கும் அந்தக் கல்யாண மண்டபத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மத்தியானம், தங்கச்சியோடு ஒளிந்து விளையாடியிருக்கிறார். பின்னாளில் ஹரிணிக்கு அகழியில் திறக்கும் அதே வழி அன்று அங்கே திறந்திருக்கிறது. இரண்டு பேர் இறங்கி ஒருவர்தான் திரும்பியிருக்கிறார். இதை ஆயா யாரிடமும் சொன்னதில்லை. விளக்கு வைத்தபின் தெருவில் நிற்காதே, கோட்டைப் பக்கம் போகாதே என்று பேத்தியை விரட்டுவதற்கு இப்போது ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் கண்டிப்பு ஹரிணிக்குப் பாசமாகத் தெரியக்கூடாது, கோபம்தான் வர வேண்டும். அப்பா, அம்மா உயிரோடு இருக்கட்டும். வேலைக்கு வெளியூர் போயிருக்கட்டும்.

ஹரிணிக்கும் இதே போல வயதை வைத்துக் கணக்குப் போடுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது அவளுக்கு 8, 9 வயது இருக்கும். அதுவரை அவளுக்கு ஆறு என்றால் மணல்தான். முதன்முதலாகக் கரை தொட்டுத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்த பிள்ளை என்ன நினைத்திருப்பாள்? எல்லோரும் பயந்து நிற்கையில் இவளுக்கு மட்டும் உள்ளே இறங்கத் தோன்றியிருந்தால், உங்கள் கதாநாயகி பிறந்துவிட்டாள். கண் நிறம் என்னவென்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி அந்த 12 பேர். ஒவ்வொருவராக எடுத்துவிட்டுப் பாருங்கள். ஹரிணி எடுக்கும் எந்த முடிவும் மாறவில்லை என்றால் அவர் வேண்டாம். 3 பேர் மிஞ்சினாலே நிறைவு. உதாரணத்துக்கு ஆம்பூர்ப் பையன் ஒருவன்: அம்மா ஷூ கம்பெனிக்குப் போகிறார், 5 வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்வது இவன் பொறுப்பு. சாகசத்துக்கும் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் வருவான். ஹரிணி ஆபத்தில் குதிக்கும்போதெல்லாம் இவனுக்கு எரிச்சல் வரும். அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது, இவன் பார்த்துக்கொள்ளும் ஆளாகவே இருக்கிறான். இந்தச் சண்டை இருந்தால் அவன் கையிலிருந்து நெருப்பு வர வேண்டிய அவசியமே இல்லை.

பறக்கும் நாயை விட மனசு வராது என்று தெரியும். அதற்காகவே எடுத்தனூர் நடுகல்லைச் சொல்கிறேன். பழைய வடஆற்காடு, இன்றைய திருவண்ணாமலை மாவட்டம். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல், 7-ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனைச் செதுக்கி, பக்கத்திலேயே அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளரைக் கடித்துவிட்டுக் காத்திருந்தது என்று எழுத்து சொல்கிறது. ஒரு பெயர், ஒரு செயல், அந்த இடத்தை விட்டுப் போகாத குணம். உங்கள் நாய்க்கும் இவ்வளவு போதும், சிறகு வேண்டாம்.

வில்லனாக ஒரு மந்திரவாதி இருந்தால் அவனைக் கொடூரமானவனாக்க மெனக்கெடாதீர்கள். நீ சின்னப் பிள்ளை இல்லை என்று ஹரிணியிடம் முதலில் சொல்பவன் அவனாக இருக்கட்டும். வீட்டில் யாரும் சொல்லாததை அவன் சொன்னால் அவள் நம்புவாள், வாசகரும் நம்புவார்.

கடைசியாக ஒரு பயிற்சி. கூத்தில் வேஷம் திரைக்குப் பின்னால் வந்து நின்றதும் கட்டியக்காரன் நீ யார், எந்த நாடு, எதற்கு வந்தாய் என்று கேட்பான். தோழி ஒருத்தியைக் கட்டியக்காரனாக்கி உங்கள் பாத்திரங்களைக் கேட்கச் சொல்லுங்கள். பாத்திரத்தின் வாயாலேயே பதில் சொல்லுங்கள். அதோடு, ஹரிணி உன் பேச்சைக் கேட்காவிட்டால் என்ன செய்வாய் என்றும் கேட்கச் சொல்லுங்கள். ஆயாவிலிருந்து ஆரம்பியுங்கள். அவர் சொல்லும் பதிலில் உங்கள் மூன்றாவது அத்தியாயம் கிடைக்கும்.