400 திர்ஹம் கூடக் கிடைத்தால் கம்பெனி மாறலாமா?

பெரியபட்டினத்திலிருந்து துபாய் வந்து 8 மாதமான தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "காக்கா, ஏசி டெக்னீஷியனா இருக்கேன். இன்னொரு கம்பெனியில மாசம் 400 திர்ஹம் கூடத் தர்றாங்க. ஆனா ஊருக்கு 2 வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு. தங்கச்சிக்கு வீடு கட்டணும், எல்லாரும் மாறிடுன்னு சொல்றாங்க. ராமநாதபுரத்துல சொந்தமா ஒரு ஏசி சர்வீஸ் கடை போடணும்னு ஆசை, அது கெடக்கட்டும். எதைப் பார்த்து முடிவெடுக்கிறது?"

தம்பி, முதலில் கணக்கைப் பார்ப்போம். 400 திர்ஹம் என்றால் 2 வருஷத்துக்கு 9,600. ரூம் வாடகையும் மெஸ் காசும் யார் தருகிறார்கள் என்று கேள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்றும் தனியாகக் கேள், ஏனென்றால் வேலையை விட்டு விலகும்போது கம்பெனி தருகிற சர்வீஸ் பணம் அதை வைத்துத்தான் வரும். முதல் 5 வருஷம் வரை ஒரு வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். ஒரு வருஷம் முடிக்காமல் விலகினால் அதுவும் இல்லை. உனக்கு இன்னும் 4 மாதம் இருக்கிறது. அதோடு, ஒரு வருஷம் முடித்தவனுக்கு 30 நாள் சம்பள லீவு சட்டத்திலேயே இருக்கிறது. அதை அவர்கள் எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கு.

சரி, இதெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். நீ கேட்டது அதை இல்லை என்று நினைக்கிறேன்.

நான் கீழக்கரை. 1998இல் துபாய் தேராவில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு ஸ்டோர் கீப்பராக வந்தேன். நம் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்கிற வழக்கம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தங்கச்சிக்குக் கட்டிக் கொடுத்தேன். இன்றைக்கும் அதில் நிம்மதியாக இருக்கிறாள், அந்தப் பணத்தில் ஒரு காசுக்கும் எனக்கு வருத்தம் இல்லை. அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு மாடி வீடு ஆரம்பித்தேன். யாருக்காக என்று கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. தெருவில் எல்லாரும் கட்டினார்கள், நானும் கட்டினேன். லீவை விற்றுக் காசாக்கினேன், வெள்ளிக்கிழமையும் ஓவர்டைம் பார்த்தேன்.

2011இல் ஊருக்குப் போனபோது மாடி அறையைத் திறந்து ஜன்னல் கிரில்லில் கை வைத்தேன். பெயின்ட்டோடு துரு செதில் செதிலாகக் கையில் வந்தது. உப்புக் காத்து. இரண்டு வருஷமாக அந்த மூன்று அறையையும் யாரும் திறக்கவே இல்லை. கீழே வாப்பா தன் கட்டிலைத் தெருவாசல் தெரிகிற மாதிரி இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். "எத்தனை நாள் லீவு?" என்று மட்டும் கேட்டார். 28 நாள் என்றேன். அடுத்த தடவை நான் போனபோது கட்டில் மட்டும்தான் இருந்தது.

அந்த முறை திரும்பி வந்த பிறகு ஒரு நோட்டு போட்டேன். இடது பக்கத்தில் எனக்கு முக்கியம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது: உம்மா, பிள்ளைகள் படிப்பு, கடன் இல்லாத வாழ்க்கை, தொழுகை. வலது பக்கத்தில் 3 மாதம் என் காசும் நேரமும் எங்கே போனது என்பது. பிள்ளைகளுக்கு ஃபீஸ் போயிருந்தது. ஆனால் மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட என்ன படிக்கிறார்கள் என்று கேட்டுப் பேசியதில்லை. உம்மாவுக்கு வாரம் 10 நிமிஷம். மாடிக்கு டைல்ஸ் பார்க்க மட்டும் 4 வெள்ளிக்கிழமை போயிருந்தது. நான் சொல்வது ஒன்று, வாழ்வது ஒன்று என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

அப்புறம்தான் சம்பளம் குறைவான, வருஷா வருஷம் லீவு தருகிற வேலைக்கு மாறினேன். அதற்கு விலையும் இருந்தது. மாடிப் பூச்சு வேலை 4 வருஷம் நின்றது, சொந்தத்தில் பேச்சு வந்தது. ஆனால் உம்மாவின் கடைசி நோயில் 26 நாள் பக்கத்தில் இருந்தேன்.

உன் வாப்பா கடலுக்குப் போகிறவராக இருந்தால் கேட்டுப் பார். கடலுக்கடியில் மீன் கிடைக்கிற பாறைத் திட்டைக் கண்டுபிடிக்கக் கரையில் ஒரே ஒரு அடையாளத்தைப் பார்த்தால் போதாது. பள்ளி மினாராவும் பின்னால் ஒரு பனையும் நேர் வந்தால் ஒரு கோடு கிடைக்கும். வேறு பக்கம் இன்னொரு கோடும் பிடித்தால்தான் இடம் தெரியும். நீ இப்போது சம்பளம் என்கிற ஒரு கோட்டை மட்டும் பிடித்திருக்கிறாய்.

தங்கச்சி வீடு கட்டினால் முடிந்துவிடும். அவள் நிம்மதியாக இருக்க வேண்டும் என்பது அதோடு முடிந்துவிடாது, அதற்குச் சின்ன வீடும் போதும். ஊரார் பார்த்து மெச்ச வேண்டும் என்றால் எந்த வீடும் போதாது. இதில் எது உன் மனதில் இருக்கிறது என்று உனக்குத்தான் தெரியும். தங்கச்சிதான் முதலில் என்று தெளிவாகத் தோன்றினால் தாராளமாக மாறு, ஒரு குற்ற உணர்ச்சியும் வேண்டாம். ஒரு வருஷத்தை முடித்துவிட்டு மாறு. எவ்வளவு தொகை, எந்த மாதம் வரை என்பதை இப்போதே வீட்டில் சொல்லிவிடு. சொல்லாவிட்டால் அந்த 2 வருஷம் 10 வருஷமாகிவிடும், என் ரூமிலேயே பார்த்திருக்கிறேன்.

நீ எழுதியதில் ஒரு வரியை மூன்று தடவை படித்தேன். கடை ஆசையைச் சொல்லிவிட்டு "அது கெடக்கட்டும்" என்று போய்விட்டாய். ராமநாதபுரத்தில் எந்தத் தெரு, என்ன சாமான் வேண்டும், எவ்வளவு முதல், கூட யார் நிற்பார்கள்? வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து உட்கார்ந்து இதை எழுதி எனக்கு அனுப்பு. கம்ப்ரஸர், கேஸ் விலையெல்லாம் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் கேட்டு வைக்கிறேன்.