லினக்ஸ் போட்டாயிற்று, திரை வரவில்லை: கேள்வி பதில்

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு போட்ட பிறகு டெஸ்க்டொப் வரவில்லை என்றுதான் இந்த முறை பெரும்பாலானோர் கேட்டிருக்கிறீர்கள். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

வெள்ளவத்தை, பல்கலைக்கழக மாணவி: அண்ணா, என் லப்டொப்பில் என்விடியா கார்ட் இருக்கிறது. உபுண்டு போட்டேன். லோகோ சுற்றுகிறது, அப்புறம் கறுப்புத் திரைதான். திங்கட்கிழமை அசைன்மென்ட் கொடுக்க வேண்டும். முதலிலிருந்து திரும்பப் போடட்டுமா?

வேண்டாம் தங்கச்சி. திரும்பப் போட்டாலும் அநேகமாக அதே இடத்தில்தான் வந்து நிற்கும். லினக்ஸ் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, திரைக்குப் படம் அனுப்பும் பகுதி மட்டும் எழும்பவில்லை. என்விடியா கிராபிக்ஸ் கார்ட்டுக்காக உபுண்டுவோடு வருவது நூவோ என்ற திறந்த மூல டிரைவர், அதாவது கார்ட்டை இயக்கும் மென்பொருள். கார்ட்டின் உள்விவரங்கள் கையில் இல்லாமலே, அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்துப் பார்த்து ஆர்வலர்கள் எழுதியது. சில கார்ட்களில் அது தடுக்கி விழும்.

லப்டொப்பை அணைத்துப் போடுங்கள். கம்பனி லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப்பை ஒரே ஒரு தடவை தட்டுங்கள், கிரப் என்ற தொடக்க மெனு வரும். படபடவென்று தட்டினால் மெனுவைத் தாண்டி 'கிரப்' என்ற வெறும் வரிக்குப் போய்விடும்; போனால் அணைத்துவிட்டு இன்னொரு முறை முயலுங்கள். மெனுவில் முதல் வரி மேல் நின்று 'ஈ' விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீண்ட வரி ஒன்று தெரியும். அதில் 'குவயட் ஸ்பிளாஷ்' என்பதற்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்று ஒரே சொல்லாகச் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். டெஸ்க்டொப் வரும். எழுத்துகள் பெரிதாக, மங்கலாகத் தெரியும், பரவாயில்லை. இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், எதையும் கெடுக்காது.

உள்ளே போனதும் இணையத்தில் இணைந்து, 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்பதைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்டது என்று குறிப்பிட்ட என்விடியா டிரைவரைப் போடுங்கள். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு) ஆன் செய்திருந்தால் அப்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். அதைத் தாளில் எழுதி வையுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது ஒரு நீலத் திரை வந்து, ஏதாவது விசையை அழுத்து என்று 10 விநாடி எண்ணும். பலர் அதைப் பிழை என்று நினைத்துப் பேசாமல் விட்டுவிடுவார்கள். எண்ணி முடிந்தால் அது தன்பாட்டில் போய்விடும், டிரைவர் இருந்தும் இயங்காது, மறுபடி கறுப்புத் திரைதான். ஆகவே உடனே விசையைத் தட்டி, 'என்ரோல் மொக்' என்பதைத் தேர்ந்து, தாளில் எழுதிய கடவுச்சொல்லைக் கொடுங்கள். திங்கட்கிழமைக்கு முன்னால் வேலை முடியும்.

கொட்டாஞ்சேனை: கடவுச்சொல் சரியாகத்தான் அடிக்கிறேன். திரை ஒருமுறை இருண்டு, திரும்பவும் லொகின் திரைக்கே வந்துவிடுகிறது.

கடவுச்சொல் பிழை என்றால் அதுவே சொல்லியிருக்கும். கொன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை ஒன்று வரும், அதில் லொகின் செய்யுங்கள். முதலில் 'டிஎஃப் -எச்'. டிஸ்க் 100% நிரம்பியிருந்தால் அதுதான் காரணம்: டெஸ்க்டொப் எழும்பச் சில சின்னக் கோப்புகள் எழுத வேண்டும், அதற்கே இடமில்லை. 'சூடோ ஏபிடி கிளீன்' கொஞ்சம் இடம் விடுவிக்கும். இடம் இருக்கிறதா? அப்படியானால் 'எல்எஸ் -எல்ஏ' தட்டி, '.எக்ஸ்ஒதோரிட்டி' என்ற கோப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயருக்குப் பதில் ரூட் (நிர்வாகி) என்றிருந்தால், எப்போதோ சூடோவோடு, அதாவது நிர்வாகி உரிமையோடு, டெஸ்க்டொப்பைத் தொடங்கியிருக்கிறீர்கள். அந்த ஒரு கோப்பை மட்டும் அழித்துவிடுங்கள் (இதன் பெயரில் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து), அடுத்த லொகினில் புதிதாக உருவாகும்.

தெமட்டகொடை, கடை வைத்திருப்பவர்: அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. இப்போது டெஸ்க்டொப் இல்லை.

எனக்கும் இது நடந்தது. 2022 மார்ச் கடைசியில், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில், பாதி அப்டேட்டில் என் டெஸ்க்டொப் நின்றது. அன்று அவசரப்பட்டு எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட்டேன், இரண்டு வருடக் கணக்கு வழக்கும் அதோடு போனது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். மேலே சொன்ன எழுத்துத் திரைக்குப் போய் 'சூடோ டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ'. அது முடிந்ததும் 'சூடோ ஏபிடி -எஃப் இன்ஸ்டோல்'. பாதியில் நின்ற பொதிகளை அது முடித்துவைக்கும். எழுத்துத் திரையே வராவிட்டால் கிரப் மெனுவில் 'ரிக்கவரி மோட்' போய், அங்கே 'டிபிகேஜி' என்ற வரியைத் தேர்ந்தால் அதே வேலையைச் செய்யும்.

தெஹிவளை: படமே இல்லை, வெறும் எழுத்தில் லொகின் கேட்கிறது. பிழை எதுவும் காட்டவில்லை.

நீங்கள் இறக்கியது அநேகமாக சர்வர் பதிப்பு. அதில் டெஸ்க்டொப் கிடையாது. 'சூடோ ஏபிடி இன்ஸ்டோல் உபுண்டு-டெஸ்க்டொப்' என்று போடலாம், ஆனால் டேட்டா நிறையப் போகும்.

மருதானை: கிராபிக்ஸ் கார்ட் புதிதாகப் போட்டேன். 'நோ சிக்னல்' என்கிறது.

மொனிட்டர் வயர் மதர்போர்ட்டில் இருக்கிறதா, கார்ட்டில் இருக்கிறதா? பின்பக்கம் எட்டிப் பாருங்கள். கார்ட்டில்தான் இருக்க வேண்டும்.

பாமன்கடை, ஓய்வுபெற்ற ஆசிரியை: தம்பி, மகன் கனடா போகமுன் லினக்ஸ் போட்டுத் தந்தான். இப்போது திரை வரவில்லை. ஒரு கடையில் கேட்டேன், போர்மட் பண்ணத்தான் வேண்டும் என்கிறார்கள். என் கணவரின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

டீச்சர், தயவுசெய்து யாரையும் போர்மட் செய்ய விடாதீர்கள். திரை வராததற்கும் படங்களுக்கும் சம்பந்தமில்லை, அவை பெரும்பாலும் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். உபுண்டு உள்ள பென் ட்ரைவ் ஒன்றைச் செருகி அதிலிருந்து தொடங்கி, 'ட்ரை உபுண்டு' என்பதைத் தேர்ந்தால், உங்கள் டிஸ்க்கைத் தொடாமலே டெஸ்க்டொப் வரும். 'இன்ஸ்டோல்' என்பதை மட்டும் அழுத்த வேண்டாம். 'ஃபைல்ஸ்' திறந்து, இடது பக்கத்தில் உங்கள் டிஸ்க்கை அழுத்தி, 'ஹோம்' என்ற கோப்புறைக்குள் பாருங்கள். டிஸ்க்கை அழுத்தும்போது கடவுச்சொல் பெட்டி வந்தால், மகன் டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கிறார், அவரிடம் கேட்டு வாங்குங்கள். படங்களை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்குப் பிரதி எடுத்து, நாலைந்தைத் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். திரையை அதற்குப் பிறகு பார்ப்போம். நான் ஹவ்லொக் டவுனில்தான் இருக்கிறேன் டீச்சர், தனியாகச் செய்யப் பயமாக இருந்தால் சனிக்கிழமை பின்னேரம் பென் ட்ரைவோடு நானே வருகிறேன்.