சின்ன சாப்பாட்டு அறைக்கு கடும் கலர் அடிச்சா குகை மாதிரி ஆகுமா?

கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட், ஒரே ஒரு யன்னல், கடும் பச்சை அடிக்க ஆசை ஆனா பயமா இருக்கு எண்டு கேட்டிருக்கிறீங்க. தாராளமா அடிங்கோ. சாப்பாட்டு அறைய நாங்க கூடுதலா பாவிக்கிறது இரவிலதானே, அங்க பகல் வெளிச்சம் குறைஞ்சா பெருசா நட்டமில்ல.

பெயின்ட் கலர் கார்ட் சிலதுல எல்ஆர்வி எண்டு ஒரு நம்பர் இருக்கும், கலர் எவ்வளவு வெளிச்சத்தத் திருப்பி அடிக்கும் எண்டு காட்டுறது, 0 எண்டா முழுக் கறுப்பு, 100 எண்டா முழு வெள்ளை, 10க்குக் கீழ போனா நல்ல கடும் கலர். நாலு சுவரையும் கடுமா அடிச்சுட்டு சீலிங்க மட்டும் பளிச் வெள்ளையா விட்டா அது தனியா துருத்திக்கிட்டு நிக்கும், அதையும் அதே பச்சைல அடிக்கிறதுதான் எனக்குப் பிடிக்கும், வீட்டுல ஆக்கள் கத்துவாங்க, பரவாயில்ல.

முக்கியம் லைட். வெள்ளை டியூப் லைட்டுக்குக் கீழ கடும் பச்சை செத்துப் போயிரும், 2700 கெல்வின் மஞ்சள் பல்ப் ஒண்ட மேசைக்கு மேல 30-36 இஞ்சி உயரத்துல தொங்க விடுங்கோ, பலா மரக் கதிரை மேசை இருந்தா அந்த வெளிச்சத்துல அதுட மஞ்சள் அப்பிடியே தூக்கிக் காட்டும்.

மினுக்கமே இல்லாத முழு மேட் பெயின்ட் வேணாம், கதிரை உரசின இடம், கறி தெறிச்சதத் துடைச்ச இடமெல்லாம் பளபளண்டு தெரியும். லேசான மினுக்கம் உள்ளது எடுங்கோ. கடல் பக்கச் சுவர்ல ஈரம் இருந்தா முதல்ல அதப் பாருங்கோ, உப்புப் பூத்தா கடும் கலர்ல வெள்ளை வெள்ளையாத் தெரியும். கலருக்கு முதல் அடிக்கிற அண்டர்கோட்டையும் சாம்பல் கலர்ல போடச் சொல்லுங்கோ பெயின்ட் அடிக்கிற பாஸ்கிட்ட, இல்லாட்டி கோட்டுக்கு மேல கோட்டு போகும்.