ஹூஸ்டனில் புது வீடு. அக்டோபர் வந்ததும் முன்பக்கப் புல் வட்ட வட்டமாகப் பழுத்துப் போகிறது. தண்ணீர் போதவில்லையா? எந்தப் பருவத்தில் என்ன செய்ய வேண்டும்?

தண்ணீர் போதாமல் இல்லை, கூடிப்போய்விட்டது. முதலில் ஸ்பிரிங்க்ளர் டைமரை நிறுத்துங்கள்.

புல் என்ன வகை என்று நீங்கள் சொல்லவில்லை. இந்தப் பக்கம் பில்டர் போட்டுக் கொடுப்பது பெரும்பாலும் செயின்ட் அகஸ்டின்தான். எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) கடிதமும் வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் புல்லைப் பற்றி இவ்வளவு பதற்றமாக யாரும் கேட்பதில்லை.

எங்களுக்கும் ஹூஸ்டன் பக்கத்து ஊரான கேட்டியில் இதே கதைதான். புல் பராமரிப்புக் கம்பெனி ஒன்றிலிருந்து வந்தவர் நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிட்டு, "வறட்சி. தினமும் தண்ணீர் விடுங்கள், நைட்ரஜன் உரம் ஒரு சுற்றுப் போடலாம்" என்று வருட ஒப்பந்தத்தை நீட்டினார். ஹூஸ்டனில் வறட்சியாம்! வருடத்துக்கு 50 அங்குலம் மழை பெய்கிற ஊர், கிட்டத்தட்ட சென்னை அளவு.

அப்போது மாமனார் எங்களோடு இருந்தார். மன்னார்குடிப் பக்கம், வாழ்நாள் முழுக்க நெல். வட்டத்தின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஓர் இலையை இழுத்தார். லேசாக உருவிக்கொண்டு வந்தது. அடிப்பக்கம் பழுப்பாக அழுகியிருந்தது. "காஞ்சதுன்னா இப்படிக் கையோட வராதுங்க மாப்ளே. இலையுறைக் கருகல் மாதிரில்ல இருக்கு. தண்ணிய நிறுத்துங்க, யூரியா பக்கமே போவாதீங்க" என்றார்.

பிறகு தேடிப் படித்தேன். நெல்லில் இலையுறைக் கருகலும், இந்தப் புல்லில் வரும் வட்டமும் ரைசோக்டோனியா சொலானி என்ற ஒரே பூஞ்சையின் வேலை, உட்பிரிவுதான் வேறு. இரவு வெப்பம் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கி, இலையும் மணிக்கணக்கில் ஈரமாகக் கிடந்தால் அதற்குக் கொண்டாட்டம். அந்த நேரத்தில் நைட்ரஜன் வேறு போட்டால் கேட்கவே வேண்டாம். நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. குளிர் வந்ததும் வட்டம் பரவாமல் நின்றது, ஏப்ரலில் தானாக மூடிக்கொண்டது. போவது இலைதான், தரையோடு படரும் ஓடுதண்டு பொதுவாகச் சாவதில்லை. அதனால் பெயர்த்து எறிந்துவிட்டுப் புதுப் புல் வாங்கி விரிக்காதீர்கள்.

"நீ என்ன வேளாண் விஞ்ஞானியா?" என்று கேட்க ஆள் இருப்பார்கள் என்று தெரியும். இல்லை, ஐடிதான். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறை இதையெல்லாம் இலவசமாகவே எழுதி வைத்திருக்கிறது, சரிபார்த்துக்கொள்ளுங்கள். "புல்லுக்குப் போய் இவ்வளவு தண்ணீரா?" என்று வருகிறவர்களுக்கு: நான் குறைக்கத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் ஐயா.

பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில் களை முளைக்காமல் தடுக்கும் மருந்து. உரத்துக்கு அவசரம் வேண்டாம். களையை அல்ல, புல்லையே இரண்டு முறை வெட்டிய பிறகு, ஏப்ரல் வாக்கில் போடுங்கள். வெட்டும்போது மூன்று அங்குலம் விடுங்கள். ஒட்ட வெட்டினால் சுத்தமாக இருக்கும் என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. வெயிலில் கருகுவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. கோடையில் மழையையும் சேர்த்து வாரத்துக்கு ஓர் அங்குலம் தண்ணீர் போதும், அதுவும் விடிகாலையில். சாயங்காலம் விட்டால் இரவெல்லாம் ஈரம் நிற்கும்.

ஜூலை, ஆகஸ்டில் டிரைவ்வே ஓரமாக, வெயில் அதிகம் படுகிற இடத்தில் மஞ்சளானால் அது வேறு. புல்லின் சாற்றை உறிஞ்சும் சிஞ்ச் பூச்சியாக இருக்கலாம். இரண்டு பக்கமும் திறந்த ஒரு டின்னை மஞ்சளும் பச்சையும் சேரும் இடத்தில் மண்ணில் அழுத்தித் தண்ணீர் ஊற்றுங்கள். சில நிமிடத்தில் குட்டிக் குட்டியாக மிதந்து மேலே வந்தால் மருந்து அடிக்கலாம். மிதக்காமல் மருந்து அடிப்பது காசுக்குப் பிடித்த கேடு.

வருடா வருடம் அதே இடத்தில் வட்டம் வந்தால், செப்டம்பர் கடைசியில், வட்டம் தெரிவதற்கு முன்பே, அசாக்சிஸ்ட்ரோபின் உள்ள பூஞ்சைக்கொல்லி. வந்த பிறகு அடித்தால் பரவுவதை மட்டும் நிறுத்தலாம், பழுத்தது பச்சையாகாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பக்கவாட்டில் ஒரு முருங்கை வைத்திருந்தோம். 2021 பிப்ரவரிக் குளிரில், வெப்பம் 13 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இறங்கியபோது, தரை வரை செத்து மறுபடி துளிர்த்த மரம். "அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இல்லாத மரம், தெருவிலிருந்து தெரிகிறது" என்று எச்ஓஏ-காரர்கள் கடிதம் எழுதி வெட்ட வைத்தார்கள். எதற்கும் உதவாத இந்தப் புல் பட்டியலில் இருக்கிறது, குழம்புக்குக் காய் தருகிற மரம் இல்லை!

உங்கள் எச்ஓஏ-வுக்கு "பூஞ்சை நோய், தண்ணீரை நிறுத்தியிருக்கிறோம், வசந்தத்தில் சரியாகும்" என்று எழுதி, அழுகிய அடி தெரிகிற மாதிரி ஒரு படமும் வைத்து அனுப்புங்கள். எங்களுக்கு மே வரை அவகாசம் கொடுத்தார்கள்.