குழந்தைப் புற்றுநோய் ஆய்வில் அக்கா மகனைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆனால் மருத்துவமனையில் கொடுத்திருக்கும் ஒப்புதல் தாளை வீட்டில் ஒருவராவது முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தமிழில் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

அக்கா மகனுக்கு 6 வயது, லிம்போபிளாஸ்டிக் வகை ரத்தப் புற்றுநோய், சென்னையில் சிகிச்சை, ஆய்வின் எந்தச் சிகிச்சைப் பிரிவில் பையன் என்பதைக் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும் என்றார்கள், "எலிக்குப் பதில் நம் பிள்ளையா?" என்று ஏற்காடு மலையில் உள்ள நாகலூரில் உறவுக்காரர்கள் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் குழந்தைகள் புற்றுநோய் வார்டில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். வார்டில் இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பங்கள் குறைவு. கேட்பதில் தவறே இல்லை.

உங்கள் பையனுக்கு ஆய்வுக்கு வெளியே கிடைக்கப்போகும் "வழக்கமான" சிகிச்சையும் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்ததுதான். 1947-48-ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோய் வந்த 16 பிள்ளைகளுக்கு அமினாப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அந்த மருந்தை உருவாக்கிய குழுவை நடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். நம் ஊர்க்காரர்கள் இவரை மறந்துவிட்டார்கள் என்பதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. அமினாப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்சேட்டை உங்கள் மருமகனும் சாப்பிடப்போகிறான். 1980-களில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாட்டா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தைப் பின்பற்றிக் கணக்கு வைத்ததால்தான், நம் நாட்டிலும் இந்த நோயைக் குணப்படுத்தலாம் என்ற நம்பிக்கை வந்தது. இன்று வசதியான நாடுகளில் இந்த வகை நோய் வந்த பிள்ளைகளில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள்.

ஆய்வு என்றதும் பெயர் தெரியாத புது மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். குழந்தைப் புற்றுநோயில் பெரும்பாலான ஆய்வுகள், ஏற்கெனவே உள்ள மருந்துகளை எத்தனை நாள், எந்த அளவில் கொடுப்பது என்பதைப் பற்றியவை. இந்திய மையங்கள் பல சேர்ந்து நடத்திய ஐசிக்கிள் ஆய்வில் ஒரு கேள்வி இது: நோயின் தீவிரம் குறைந்த சிறு பிள்ளைகளுக்கு முதல் கட்டத்தில் ஸ்டீராய்டு மாத்திரையை 5 வாரத்துக்குப் பதில் 3 வாரம் கொடுத்தால் பக்கவிளைவு குறையுமா? பல நேரம் ஆய்வின் நோக்கமே சிகிச்சையைக் குறைப்பதுதான். தலைக்குக் கதிர்வீச்சு கொடுப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. அதனால் பிள்ளைகளின் படிப்பும் உயரமும் பாதிக்கப்பட்டன. மருந்தைச் சரியாகக் கொடுத்தால் அது இல்லாமலே சமாளிக்கலாம் என்று அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனை 2009-ல் ஆய்வின் மூலம் காட்டியது.

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பிரிவில் எது மேல் என்று டாக்டர்களுக்கே உறுதியாகத் தெரியாதபோதுதான் இப்படிப் பிரிக்க நெறிமுறைக் குழு அனுமதிக்கும். பிரிக்கும் வேலையை டாக்டரிடம் விட்டால், மெலிந்த பிள்ளைகளை மனம் இரங்கி லேசான பிரிவுக்கு அனுப்பிவிடுவார். பிறகு எந்த முடிவையும் நம்ப முடியாது. புற்றுநோய்க்கு மருந்தே தராமல் வெறும் மாவு மாத்திரை கொடுத்து வைப்பார்களோ என்ற பயமும் வேண்டாம். ஒப்பிடும் பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை கிடைக்கும்.

டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: சேராவிட்டால் பையனுக்கு என்ன சிகிச்சை, சேர்ந்தால் அதில் எது மாறும்? கூடுதலாக எத்தனை முறை ரத்தம், எலும்பு மஜ்ஜை எடுப்பீர்கள், அதற்குப் பணம் யார் கட்டுவது? ஆய்வினால் கேடு வந்தால் செலவு யாருடையது? இதற்கெல்லாம் பதில் தாளிலேயே இருக்க வேண்டும். மருந்துச் சோதனைகளை அரசின் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் பதிவு செய்வது 2009 ஜூன் முதல் கட்டாயம். எண்ணைக் கேட்டு இணையத்தில் நீங்களே பார்க்கலாம். இடையில் விலகினாலும் சிகிச்சை நிற்கக் கூடாது. 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் அவன் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நெறிமுறை. உங்கள் பையனுக்கு ஒரு வயது குறைவுதான். இருந்தாலும் அவனிடம் சொல்லுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு நாம் நினைப்பதைவிட அதிகம் புரியும்.

இனி, நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு அதிகக் கவலை தருகிற விஷயம். நம் நாட்டில் பல பிள்ளைகளை நாங்கள் இழப்பது நோயால் அல்ல, தொற்றால். கீமோ வெள்ளணுக்களைக் குறைத்துவிடும். அந்த நாட்களில் காய்ச்சல் மட்டுமே எச்சரிக்கை மணி. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏற வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கூடாது. பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைக்காதீர்கள். புரூஃபென், ஆஸ்பிரின் தொடவே வேண்டாம். தட்டணு குறைந்திருக்கும்போது ரத்தக்கசிவு வரும்.

நாகலூரிலிருந்து இரவில் வண்டி பிடித்து, ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிச் சேலம் வருவதற்குள் எவ்வளவு நேரம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அந்தப் பாதையும் கிடையாது. அதனால் முதல் சில மாதங்கள், சென்னையில் இல்லாத நாட்களில், பையனையும் அக்காவையும் கீழே சேலத்தில் உறவினர் வீட்டில் தங்க வையுங்கள். சென்னை 340 கிலோமீட்டர். காய்ச்சலோடு அவ்வளவு தூரம் ஓட முடியாது. சிகிச்சை விவரமும், காய்ச்சல் வந்தால் எந்த மருந்தைத் தொடங்க வேண்டும் என்பதும் எழுதிய கடிதத்தை டாக்டரிடம் முன்கூட்டியே வாங்கி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் காட்ட வசதியாகப் பையிலேயே வைத்திருங்கள்.

இந்தத் துணைச் சிகிச்சையிலும் ஆய்வு உண்டு. கடுமையாக வாந்தி வரவைக்கும் கீமோவுக்கு, வழக்கமான வாந்தி மருந்துகளோடு ஓலான்சபின் என்ற பழைய மனநல மருந்தைச் சேர்த்தால் பலன் உண்டா என்று டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் பிள்ளைகளிடம் பார்த்து 2020-ல் வெளியிட்டார்கள். வாந்தி குறைந்தது, தூக்கக் கலக்கம் கூடியது. வாந்தி நின்றால் பிள்ளை சாப்பிடுவான். சாப்பிட்டால் அடுத்த கீமோவைத் தாங்குவான்.

சாப்பாட்டில் அளவுக்கு மீறிய பத்தியம் வேண்டாம். பச்சைக் காய்கறி, பழங்களை முற்றிலும் விலக்கிய உணவு, சுத்தமாகச் சமைத்த சாதாரண உணவைவிடத் தொற்றைக் குறைக்கவில்லை என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. டாக்டர் தடுக்காதவரை ஏற்காடு ஆரஞ்சைக் கழுவி, வீட்டில் தோலுரித்துக் கொடுக்கலாம். தெருவோரத் தட்டுவடை செட் மட்டும் வேண்டாம். துருவிய பச்சைக் காயும் யாரோ அரைத்த சட்னியும் அணுக்கள் குறைந்த பிள்ளைக்கு ஆகாது. சேலத்துப் பிள்ளையிடம் இதைச் சொல்வது கொடுமைதான்.

நித்தியகல்யாணி இலையை அரைத்துக் கொடுக்கும்படி யாராவது சொல்வார்கள். வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து அந்தச் செடியிலிருந்து வருவது உண்மை. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும்; இலையில் வேறு நச்சுப் பொருள்களும் உண்டு. வார்டில் மில்லிகிராமைக்கூடப் பகுத்து அளந்து நரம்பில் ஏற்றுகிற மருந்து அது. இலைச்சாறு வேண்டவே வேண்டாம்.

முதல் மாதச் சிகிச்சையிலேயே பெரும்பாலும் பிள்ளை தேறி ஓட ஆரம்பித்துவிடுவான். ஆபத்து அங்கேதான். மொத்தச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள். பிற்பகுதி வீட்டிலேயே மாத்திரை. மெர்காப்டோபியூரின் தினமும், மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரே நாள். அதை மறந்தும் தினமும் கொடுத்துவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. மெர்காப்டோபியூரின் மாத்திரைகளில் 95 சதவீதத்துக்கும் குறைவாகச் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதும் ஆய்வில் கண்டதுதான். தொடர்ந்து நான்கு வாரம் வராவிட்டால் சிகிச்சையைக் கைவிட்டதாகவே கணக்கு வைக்கிறார்கள். வருமானம் போகிறதே என்றுதான் பல பெற்றோர் வராமல் நின்றுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை.

எனவே பணத்துக்கு இப்போதே வழி பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணமே இல்லை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதச் சலுகை. மருத்துவமனை தரும் சான்று போதும். மருத்துவமனையின் சமூகப் பணியாளரை முதல் வாரமே போய்ப் பாருங்கள். தங்குமிடம், உதவித்தொகை எல்லாம் அவருக்குத் தெரியும். அக்கா எஸ்டேட் வேலைக்குப் போகிறவர் என்றால், காப்பி பறிப்பு தொடங்கும் முன்பே அவர் இடத்தில் யார் போவது என்று குடும்பத்தில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.