பெங்கோங் கட்டலாமா?

கேள்வி: மூன்று பிள்ளை பெற்றதில் வயிற்றுச் சதை தொங்கிவிட்டது. அடுத்த மாதம் ஈப்போவில் வயிறு இறுக்கும் ஆப்பரேஷன். இரண்டு வாரத்தில் செம்பனை நாற்று வேலைக்குத் திரும்ப நினைக்கிறேன். பெங்கோங் (வயிற்றை இறுக்கிச் சுற்றும் நீளத் துணி) கட்டி, துங்கு (சூடாக்கிய கல் ஒத்தடம்) வைத்து, உருட் (மலாய் முறையில் உடம்பை அழுத்தித் தேய்ப்பது) பிடித்தால் சீக்கிரம் ஆறும் என்கிறார் மாமியார். சரியா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார், தங்கச்சி. ஆனால் அதெல்லாம் பிள்ளை பெற்ற உடம்புக்கு. வார்டில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்தவள் நான். 46 வயதில் இதே ஆப்பரேஷனைச் செய்துகொண்டவளும்கூட.

துங்கு வேண்டவே வேண்டாம். தோலைப் பிரித்து இழுத்துத் தைப்பதால் தொப்புளுக்குக் கீழே பல மாதம் மரத்துக் கிடக்கும். சுட்டால் தெரியாது, கொப்புளித்த பிறகுதான் தெரியும். உள்ளே தசையையும் தைத்திருப்பார்கள், அதன்மேல் உருட் பிடிக்கலாமா? பெங்கோங்கை மடித்து வைத்துவிட்டு மருத்துவமனையில் தரும் இறுக்கு உறையைப் போடுங்கள். பொதுவாக 6 வாரம்.

முதல் வாரம் கூனித்தான் நடப்பீர்கள். நிமிர முயலாதீர்கள், தையல் இழுக்கும். அதற்காகப் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டும். மறுநாளே நாலு எட்டு வையுங்கள். குந்தும் கழிப்பறை என்றால் இப்போதே கழிப்பறை நாற்காலி வாங்கிவிடுங்கள்.

உள்ளே ஊறும் ரத்தமும் நீரும் வடிய வயிற்றோரம் டியூப், அதன் முனையில் சின்னப் போத்தல். என் போத்தலில் முதல்நாள் செம்பருத்திச் சிவப்பு, ஆறாம் நாள் வெளிறிய தேத்தண்ணி நிறம். வடிவது குறைந்த பிறகுதான் எடுத்தார்கள். நாலாம் நாள் கண்ணாடியில் வீங்கிய வயிற்றைப் பார்த்து, காசைக் கொட்டி இதையா வாங்கினோம் என்று தேம்பித் தேம்பி அழுதேன். உங்களுக்கும் அப்படி வரலாம், பயப்படாதீர்கள். வீக்கம் முழுசாக வடிய மாதக்கணக்காகும், தழும்பு மங்க ஒரு வருடத்துக்கு மேல்.

மண் நிரம்பிய நாற்றுப் பையை 6 வாரம் தொடக்கூடாது, அதன்பிறகும் டாக்டர் சொன்னால்தான். கடைக்குட்டியையும் தூக்காதீர்கள், நீங்கள் உட்கார்ந்தபின் யாராவது மடியில் வைக்கட்டும்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் உடனே 999. காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினாலோ, காயத்தில் சீழ் கண்டாலோ, வயிற்றுக்குள் தண்ணீர் தளும்பினாலோ விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

மாமியாரிடம் மீனும் முட்டையும் கீரையும் சமைத்துத் தரச் சொல்லுங்கள். தினம் ஒரு துண்டு பப்பாளியும் வேண்டும். மலம் இறுகி முக்கினால் தையல் தாங்காது.